பைத்தன் வெட்டும் தலைப்பெழுத்து

இந்தக் கிழமை நிகழ்ச்சியில் பைத்தனில் ஸ்ட்ரிங்கை வெட்டி எடுப்பது பற்றிக் கதைத்தோம். நேரம் போதாமல் விட்டது இது: தமிழ்ப் பெயரை வெட்டினால் என்ன நடக்கும்?

ஊர் = 'ஸ்காபரோ' என்று கொடுங்கோ. (ஓம், பைத்தன் 3இல் வேரியபிளுக்கே தமிழில் பெயர் வைக்கலாம்.) ஊர்[0] என்று கேட்டால் 'ஸ்' வராது, புள்ளி இல்லாத 'ஸ'தான் வரும். நீளம் கேட்டால் 4 இல்லை, 7.

காரணம், எங்கட 247 எழுத்துக்கும் யூனிகோட்டில் தனித்தனி எண் இல்லை. 'கா' என்பது அங்கே இரண்டு: முதலில் க, பிறகு கால். 'பொ'வில் கொம்பு இடப்பக்கம் தெரிந்தாலும் உள்ளே முதலில் இருப்பது 'ப'தான். பைத்தன் எண்ணுவது இந்தத் துண்டுகளை. அரிச்சுவடி அதுக்குத் தெரியாது.

'ஜோன்' என்பதை இங்கிலீஷில் எழுதி முதல் எழுத்தை எடுத்தால் பிரச்சினை இல்லை. சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகத்தை எடுங்கோ. தமிழில் சா. ஜே. வே. செல்வநாயகம். கோட் தருவது ச. ஜ. வ. செல்வநாயகம். சிவபாதம், சுப்பையா, செல்லையா மூன்று பேரின் பிள்ளைகளுக்கும் ஒரே 'ச'. மரண அறிவித்தலில் அப்படி வந்தால் சொந்தக்காரருக்கே ஆள் மாறிவிடும்.

திருத்துவது லேசு. முதல் துண்டை எடுத்து, அடுத்தது புள்ளியோ உயிர்க்குறியோ என்றால் அதையும் சேருங்கோ. வேறு எழுத்து வந்தால் நிறுத்துங்கோ. எது குறி என்று பைத்தனோடு வரும் யூனிகோட்டேட்டா மொடியூல் சொல்லும். நீங்களே எழுத வேண்டாம் என்றால் ஓப்பன்-தமிழ் நூலகத்தில் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் ஃபங்ஷன் இருக்கிறது. 'ஸ்ரீதரன்' மட்டும் தனி விதி கேட்பார், இல்லாவிட்டால் 'ஸ்' என்று நின்றுவிடுவார். யாழ்ப்பாணத்து வழக்கப்படி 'சிறீதரன்' என்று எழுதியவருக்கு 'சி' ஒழுங்காக வரும்!

வெட்டுவதற்கு முதல் நோர்மலைஸ் செய்யுங்கோ. 'யோ'வின் குறி சில பழைய ஃபைல்களில் கொம்பு, கால் என இரண்டாகக் கிடக்கும். நோர்மலைஸ் அதை ஒன்றாக்கும். ஆனால் 'கௌரி'யை ஒருவர் 'கெ' அடித்து, பக்கத்தில் 'ள' எழுத்தை வைத்து எழுதியிருந்தால் அதுக்கும் பிடிபடாது. திரையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், தலைப்பெழுத்து 'கெ' என்று வரும். 'கெள' என்று தொடங்கும் பெயர்களைத் தேடி எடுத்து, கண்ணால் பார்த்துத் திருத்தத்தான் வேணும்.