கோட்டைக்குள் ஓடிய டேப்

ஸ்டுடியோவுக்குள் நுழையும் முன் பாட்டு தயாராக இருக்க வேண்டும் என்பது ராக் உலகின் வழக்கம். ஜெர்மனியின் 'கேன்' குழு அந்த வழக்கத்தைப் பொருட்படுத்தவே இல்லை. 1970 நவம்பரில், கொலோன் நகருக்கு அருகே உள்ள நோர்வெனிக் கோட்டையில் 'டாகோ மாகோ' ஆல்பத்தின் பதிவு தொடங்கியது. எழுதி வைத்த மெட்டை வாசிப்பவர்கள் அல்ல அவர்கள். கூடி உட்கார்ந்து மணிக்கணக்கில் வாசிப்பார்கள். டேப் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஐந்து பேரும் ஐந்து திசை. பாஸ் வாசித்த ஹோல்கர் சூக்காயும் கீபோர்டு இர்மின் ஷ்மிட்டும் நவீன இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசனின் மாணவர்கள். கிதார் மிக்கேல் கரோலி, சூக்காயிடம் கற்றவர். டிரம்மர் யாக்கி லீபெட்சைட் ஃப்ரீ ஜாஸை விட்டு வந்தவர். பாடகர் டாமோ சுசுகி ஜப்பானியர். மியூனிக் தெருவில் பாடிக்கொண்டிருந்தவரை அன்றிரவே மேடையேற்றிவிட்டார்கள்.

பதிவுக்கு இருந்ததோ இரண்டு டிராக் டேப் மெஷின். இன்றுபோல ஒவ்வொரு கருவியையும் தனியே பதிந்து, பிறகு ஏற்றி இறக்க வழியில்லை. யார் சத்தமாக, யார் மெல்ல என்பதை வாசிக்கும்போதே அவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருவரை ஒருவர் கேட்டே தீர வேண்டிய கட்டாயம். இந்த ஆல்பத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பேன்.

பிறகு சூக்காய் டேப்பை பிளேடால் வெட்டி ஒட்டுவார். நீண்ட வாசிப்பில் உயிருள்ள பகுதிகள் மட்டும் மிஞ்சும். லீபெட்சைட்டின் தாளம் இம்மி பிசகாததால்தான் அந்த ஒட்டுகள் நின்றன. லயம் கொஞ்சம் ஓடியிருந்தாலும் வெட்டிய இடம் காதில் இடறும். 'ஹாலேலுவா' பாடல் 18 நிமிடத்துக்கு மேல், இசைத்தட்டின் ஒரு முழுப் பக்கம். அத்தனை நேரமும் அந்தத் தாளம் சலிப்பதே இல்லை.

இடைவேளைகளில் மற்றவர்கள் அறியாமல் சூக்காய் பதிந்து வைத்தவையும் சேர்ந்துகொண்டன. ஒற்றைத் தட்டாகத்தான் திட்டம். இரட்டைத் தட்டாகவே வர வேண்டும் என்று கம்பெனியிடம் பேசி ஒப்புக்கொள்ள வைத்தவர் இர்மினின் மனைவி ஹில்டகார்ட். அவர் விட்டுக்கொடுத்திருந்தால் 17 நிமிட 'ஆம்ன்' போன்ற துணிச்சலான சோதனைகள் பெட்டிக்குள்ளேயே கிடந்திருக்கும். 1971இல் ஆல்பம் வெளியானது.

முதல்முறை கேட்பவர்கள் 'ஹாலேலுவா'விலிருந்து தொடங்குங்கள். பாதியில் நிறுத்தாதீர்கள், முதல் ஐந்து நிமிடம் டிரம்ஸை மட்டும் கவனியுங்கள்.