வாய் திறக்காத வகுப்பு

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், கேஸ்கேட் மலைகளுக்குக் கிழக்கே வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற பழங்குடி ஒதுக்குநிலம் இருக்கிறது. வார்ம் ஸ்பிரிங்ஸ், வாஸ்கோ, பையூட் என்று மூன்று இனத்தார் அங்கே வாழ்கிறார்கள். 1960களின் கடைசியில் அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு தீராத குறை இருந்தது: பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை.

மொழி தெரியாததால் வந்த மௌனம் என்றும் சொல்லிவிட முடியாது. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பேசியதே ஆங்கிலம்தான்.

சூசன் பிலிப்ஸ் அந்த வகுப்பறைகளில் போய் உட்கார்ந்தார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மானிடவியல் முனைவர் பட்டத்துக்கான ஆய்வு அது. மொழியைச் சமூக வாழ்க்கையோடு சேர்த்துப் படிக்கும் மரபைத் தொடங்கியவர்களுள் ஒருவரான டெல் ஹைம்ஸின் வழிவந்தவர் அவர். பிள்ளைகளுக்குப் பரீட்சை எதுவும் வைக்கவில்லை. யார் எப்போது பேசுகிறார்கள், அந்த வாய்ப்பை யார் கொடுக்கிறார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொண்டே வந்தார். பக்கத்து ஊரில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் படித்த வகுப்புகளிலும் இதையே செய்தார்.

ஆசிரியர் முன்னால் நின்று கேள்வி கேட்டு, ஒவ்வொருவராக எழுப்பியபோது பழங்குடிப் பிள்ளைகள் அடங்கிப்போனார்கள். ஆசிரியரைச் சுற்றிச் சிறு குழுவாக உட்கார வைத்தாலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. அவரவர் வேலையைச் செய்துகொண்டிருக்கையில் ஆசிரியரிடம் தனியாகப் போய்ச் சந்தேகம் கேட்கச் சொன்னாலோ தயங்காமல் போனார்கள். தங்களுக்குள் குழு சேர்ந்து ஒரு வேலையை முடிக்கச் சொன்னபோதும் பேச்சுக்குப் பஞ்சமில்லை. அங்கே யாரும் தலைவராக நிற்கவில்லை. வேலை மட்டும் நடந்தது.

காரணத்தைத் தேடிப் பிலிப்ஸ் வீடுகளுக்கும் ஊர்க்கூட்டங்களுக்கும் போனார். அங்கே ஒரு வேலையைக் கற்கும் பிள்ளை, பெரியவர் செய்வதை முதலில் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்கும். அப்புறம் கூடமாட உதவும். யாரும் பார்க்காத நேரத்தில் தானே செய்து பார்க்கும். கை பழகிவிட்டது என்று தனக்கே தோன்றிய பிறகுதான் நாலு பேர் முன்னால் செய்து காட்டும். ஊர்க்கூட்டத்திலும் இன்னார் இப்போது பேசலாம் என்று முறை வைத்து அழைப்பவர் கிடையாது. பேசுவதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம். பள்ளிக்கூடத்தில் எல்லாம் தலைகீழ். அரைகுறையாகத் தெரியும்போதே எழுந்து நின்று, ஊரறியத் தப்புச் செய்து, தப்புச் செய்தே கற்க வேண்டும். அந்தப் பிள்ளை வாயை மூடிக்கொண்டதில் என்ன அதிசயம்?

ஆய்வின் முக்கியமான கட்டுரை 1972இல் வந்தது, நூல் 1983இல்.

குறை சொன்னவர்களும் உண்டு. நைஜீரியாவில் பிறந்து பெர்க்லியில் பணியாற்றிய மானிடவியலாளர் ஜான் ஓக்பு, வகுப்பறைப் பேச்சை மட்டும் நுணுக்கிப் பார்த்தால் வெளியே நிற்கும் வேலை மறுப்பும் இன ஒதுக்கலும் கண்ணில் படாமல் போய்விடும் என்று வாதிட்டார். நியாயமான வாதம்தான். ஆனாலும் நாளைக் காலை வகுப்புக்குள் நுழையப் போகிற ஆசிரியருக்குப் பிலிப்ஸின் குறிப்புகள்தான் உடனே கைகொடுக்கும்.

இந்த மாதிரிக் கவனிப்பு கைகொடுத்தும் இருக்கிறது. ஹவாயின் கமேஹமேஹா பள்ளிகள் 1970களில் ஒரு வாசிப்புத் திட்டத்தைத் தொடங்கின. அங்கே ஆய்வு செய்த கேத்ரின் ஆவ், ஒரே ஒரு வாசிப்புப் பாடத்தை ஒளிப்பதிவு செய்து, வரி வரியாகப் பிரித்துப் பார்த்து 1980இல் எழுதினார். ஹவாய்ப் பிள்ளைகள் ஊரில் கதை பேசுவதே இரண்டு மூன்று பேராகத்தான். ஒருவர் தொடங்குவார், இன்னொருவர் நடுவில் புகுந்து இழுத்துப் போவார். வழக்கமான வகுப்பில் இதற்குப் பெயர் குறுக்குப் பேச்சு. உடனே அதட்டல் விழும். ஆவ் கவனித்த ஆசிரியர் அதட்டவில்லை. கதையை விட்டு விலகாத வரை பிள்ளைகளைக் கலந்து பேச விட்டார். பாடத்தின் பெரும்பகுதி அப்படியே, கதையை ஒட்டியே நகர்ந்தது.

இந்த வெற்றியைக் கையோடு எடுத்துக்கொண்டு ஹவாய்த் திட்டக் குழுவினர் 1983இல் அரிசோனாவுக்குப் போனார்கள். நவஹோ மக்களின் ரஃப் ராக் பள்ளியில் ஹவாய்த் திட்டத்தை அப்படியே நடத்திப் பார்த்ததில் பல இடங்களில் அது ஒட்டவில்லை. ஆணும் பெண்ணுமாக நாலைந்து பேரைச் சேர்த்து உட்கார வைத்தால் ஹவாய்ப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுப்பார்கள். நவஹோ பிள்ளைகள் அவரவர் தாளைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார்கள். பையன்கள் தனி, பெண்கள் தனி என்று இரண்டு மூன்று பேராகப் பிரித்த பிறகே பேச்சுக் கிளம்பியது. கதையைத் துண்டு துண்டாக நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று கேட்கும் ஹவாய் முறையும் அங்கே எடுபடவில்லை. கதை முழுவதையும் கேட்டு முடிப்போம், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார்கள் நவஹோ பிள்ளைகள். ஆசிரியர்கள் பாடத்தை அப்படியே மாற்றிக்கொண்டார்கள்.