மூடி வைத்த மாவு

சித்திரை வெயிலில் எங்கள் ராசிபுரம் வீட்டில் குண்டா நிறைய மாவை வழித்து வைத்துவிட்டுப் படுத்தால், விடியும்போது மேடையெல்லாம் வழிந்து கிடக்கும். "பாதிக் குண்டாவுக்கு மேல ஊத்தாத கண்ணு, நாம தூங்கினாலும் அது தூங்காது" என்பார் அம்மாயி. பல வருஷம் கழித்து சிக்மண்ட் ஃபிராய்டைப் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தக் குண்டாதான்.

அடக்கி வைத்த மனதுக்குக் குக்கரை உவமை சொல்வது வழக்கம். ஆவி சேர்கிறது, தாங்க முடியாதபோது விசில் அடிக்கிறது. புரிவதற்கு எளிது, ஆனால் பாதிதான் சரி. குக்கரிலிருந்து வெளியே வருவதும் உள்ளே இருந்த அதே ஆவிதான். மனதில் மூடி வைத்தது அப்படி வருவதில்லை. உள்ளே போனது ஒன்று, பொங்கி வருவது வேறொன்று. அரிசியும் உளுந்துமாகப் போனது புளித்த மாவாக வருகிற மாதிரி.

என் பெரியப்பா முப்பது வருஷம் நாமக்கல் லாரி ஓட்டியவர். சேலத்துச் சேகோ ஆலைகளில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு நாக்பூருக்குப் போவார். வடக்கே நவராத்திரி விரதத்துக்கு ஜவ்வரிசிதான் சாப்பாடு. அதற்கு முன்னால் சரக்கு இறங்கியாக வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு திண்ணையில் உட்கார்ந்து அந்த ரூட்டைச் சொல்வது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூரு, பெனுகொண்டா, அனந்தப்பூர். அதற்கடுத்த ஊரில் நின்றுவிடுவார். "மலை மேல கோட்டை இருக்குமே, அந்த ஊரு... பெனுகொண்டா. இல்ல, அதுதான் தாண்டியாச்சே." பிறகு டோன், கர்னூல் என்று மறுபடியும் சரளமாக ஓடும். ஒரே ஓர் ஊர் மட்டும் வராது.

ஃபிராய்டுக்கும் இப்படி நடந்திருக்கிறது. ஒரு பயணத்தில், இத்தாலியின் ஓர்வியெட்டோ தேவாலயத்துச் சுவரோவியங்களைப் பற்றிப் பேசும்போது, வரைந்தவரின் பெயர் அவருக்கு வரவில்லை. சிஞ்ஞொரெல்லி என்பதற்குப் பதிலாக பொத்திச்செல்லி, பொல்த்ராஃபியோ என்று வேறு ஓவியர்களின் பெயர்கள்தான் வந்து நின்றன. 1898இல் அதை ஒரு கட்டுரையாகவே எழுதினார். அந்தப் பேச்சுக்குச் சற்று முன்னால் காமமும் சாவும் கலந்த ஒரு நினைப்பைச் சொல்ல வந்து விழுங்கியிருந்தார். அதற்கும் முன்னால், த்ராஃபோய் என்ற ஊரில் இருந்தபோது, தன்னிடம் சிகிச்சை பெற்ற ஒருவர் தற்கொலை செய்துகொண்ட செய்தி அவருக்கு வந்திருந்தது. பொல்த்ராஃபியோவுக்குள் த்ராஃபோய் ஒளிந்திருப்பதைக் கவனியுங்கள். அவர் மறக்க நினைத்தது சாவுச் செய்தியை. மறந்துபோனது ஓவியரின் பெயரை. மூடிக்குக் கீழே அழுத்தியது பக்கவாட்டில் வழிந்திருக்கிறது.

இனி மாவுக்கு வருவோம். நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம். யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் உளுந்தோடேயே வந்துவிடுகின்றன. ராத்திரி முழுக்க அவை சர்க்கரையைத் தின்று அமிலத்தையும் கரியமில வாயுவையும் விடுகின்றன. மாவு புளிப்பது ஒன்றாலே, பொங்குவது மற்றொன்றாலே. 1900 என்று தேதியிட்டு வந்த கனவுகளைப் பற்றிய புத்தகத்தில் ஃபிராய்டு சொல்லும் கணக்கும் கிட்டத்தட்ட இதுதான். பகலில் பார்த்தது, கேட்டது, பாதியில் விட்டது எல்லாம் ஊறிய அரிசி. அதைப் பொங்க வைப்பது எப்போதோ கூடவே வந்துவிட்ட பழைய ஆசையும் பழைய பயமும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கனவு வந்தது. பெரிய களம் முழுக்க ஜவ்வரிசி காய்கிறது. நடுவில் எங்கள் ஆபீஸ் மேனேஜர், என் அப்பாவின் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். நான் தாண்டிப் போக வேண்டும், ஆனால் காலெல்லாம் சேறு. அன்று மத்தியானம் பாயசத்துக்கு ஜவ்வரிசி வாங்கியிருந்தேன். மேனேஜர் ஒரு கையெழுத்துக்குக் கூப்பிட்டிருந்தார். அரிசி அவ்வளவுதான். உளுந்து எங்கே இருந்தது என்றால், அப்பா சேகோ ஆலைக் களத்தில் வேலை பார்த்த காலத்தில். ஏழு வயசில் மழைத்தண்ணீரில் விளையாடிவிட்டு, காய்ந்துகொண்டிருந்த ஜவ்வரிசி மேல் நேராக நடந்து போயிருக்கிறேன். அப்பா அடிக்கவில்லை. தொண்டையை ஒரு தடவை கனைத்தார். முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மனிதர்களை ஒரே சட்டைக்குள் போட்டு அரைத்துவிடும் இந்த வேலையைத்தான் ஃபிராய்டு கனவின் சுருக்கம் என்கிறார். அம்மியில் அரைத்த பிறகு தேங்காய் எது, மல்லி எது என்று நாக்கு பிரிக்க முடியாதே, அப்படி.

அந்த மேனேஜர் தங்கமான மனுஷர், ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை. ஆனால் "ஒரு நிமிஷம் வாங்கம்மா" என்றால் என் கை நடுங்கும். பேசுவதற்கு முன் அவரும் தொண்டையைக் கனைப்பார். இது எனக்குப் பிடிபட மூன்று வருஷம் ஆனது.

இதற்குத் தயிரை விட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. பால் இன்று கறந்தது, உறைமோர் நேற்றையது. புது மனிதர் யார் வந்தாலும் பழைய உறவிலிருந்து ஒரு கரண்டி எடுத்து ஊற்றிவிடுகிறோம். உறைமோர் புளித்திருந்தால் எவ்வளவு நல்ல பாலும் புளித்துத்தான் உறையும். ஃபிராய்டு இதற்கு இடமாற்றம் என்று பெயர் வைத்தார், அதையும் தவறிக் கற்றுக்கொண்டுதான். டோரா என்று அவர் பெயரிட்டு எழுதிய பதினெட்டு வயசுப் பெண், 1900 டிசம்பர் 31 அன்று, இனி வர மாட்டேன் என்று சொல்லிப் பாதியிலேயே போய்விட்டார். வேறு ஆண்கள் மேலிருந்த கோபத்தை அந்தப் பெண் தன் மேல் உறைய வைத்ததைச் சரியான நேரத்தில் கவனிக்கத் தவறிவிட்டேன் என்று 1905இல் வெளியிட்டபோது ஒப்புக்கொண்டார். அந்தப் பெண்ணின் மற்றப் பேச்சுகளை அவர் புரிந்துகொண்ட விதம் எனக்கு இன்றும் வலிக்கிறது. ஆனால் இந்த ஒப்புதல் பெரிசு.

ஃபிராய்டு சொன்னதெல்லாம் வேதமில்லை. அதை அவரிடமே எழுதிச் சொன்னவர் கல்கத்தா டாக்டர் கிரீந்திரசேகர் போஸ். அடக்கிவைத்தல் பற்றி 1921இல் டாக்டர் பட்டம் வாங்கி, அடுத்த வருஷமே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கியவர். தான் பார்த்த இந்திய நோயாளிகள் ஐரோப்பியர்களைப் போல இல்லை என்று கடிதம் எழுதி வாதாடினார். எந்த ஆசையும் தனியாக வருவதில்லை, அதற்கு நேரெதிரான ஆசையும் கூடவே இருக்கும் என்பது போஸின் கட்சி. பெரியப்பாவை எனக்குப் புரியவைத்தது ஃபிராய்டை விட இந்த போஸ்தான். அந்த ஊர் ஞாபகத்துக்கு வரக்கூடாது, வரவும் வேண்டும். இல்லையென்றால் எதற்குத் தினமும் அந்த ரூட்டையே சொல்லிக்கொண்டிருந்தார்?

புளித்த மாவைத் திரும்ப அரிசியாக்க முடியாது. கல்லில் ஊற்றலாம். ஃபிராய்டின் நண்பர் ப்ராயர் 1880 முதல் 1882 வரை வைத்தியம் பார்த்த பெண், அவர்கள் இருவரும் எழுதிய புத்தகத்தில் அன்னா ஓ., கொஞ்ச நாளாகத் தண்ணீர் குடிக்க முடியாமல் தவித்தார். ஒரு நாய் டம்ளரில் வாய் வைத்துக் குடித்ததையும், அருவருப்பை வெளிக்காட்டாமல் இருந்ததையும் சொல்லி முடித்ததும் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். அதோடு நோய் தீர்ந்துவிடவில்லை. பிறகும் மருத்துவமனைகளில் இருந்திருக்கிறார். ஆனாலும் அந்தத் தண்ணீர் உள்ளே இறங்கியது. பேசிப் பேசித் தீர்ப்பது என்று அந்த வைத்தியத்துக்குப் பெயர் வைத்தவரும் அவரேதான்.

போன புரட்டாசியில் நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். பெரியப்பா கல்லுக்குப் பக்கத்தில் ஸ்டூலில். என் பையன் கேட்டான், "தாத்தா, கிளீனர்னா என்ன வேலை?" டயர் தட்டிப் பார்க்கிறது, தார்ப்பாய் கட்டுறது என்று தொடங்கியவர், சேந்தமங்கலம் பக்கத்துப் பையன் ஒருத்தனைப் பற்றிச் சொன்னார். நான் அதுவரை கேட்டதே இல்லை. ஏழு தோசை தின்பானாம். பெங்களூரு தாண்டும்போதே காய்ச்சல். "ஐதராபாத் போய் ஊசி போட்டுக்கலாம்டா சாமி, நவராத்திரி லோடுன்னு சொல்லிட்டேன்." பையன் சரிங்கண்ணா என்று சுருண்டு படுத்துக்கொண்டான். கோட்டை மலை தெரிந்ததும் டீ குடிக்க எழுப்பியிருக்கிறார். எழுந்திருக்கவில்லை.

கல்லில் தோசை ஓரம் சிவந்து தூக்கிக்கொண்டது. நான் எடுக்கவில்லை.

"பெனுகொண்டா, அனந்தப்பூர், குத்தி" என்றார் பெரியப்பா. பிறகு தனக்குள் இன்னொரு தரம், "குத்தி." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்புறம் டோன்" என்றார்.