புறமுதுகு காட்டினால்தான் வெற்றி! தெரியுமா?

அந்தமான் போய்வந்தவர்களிடம் ராஸ் தீவைப் பற்றிக் கேளுங்கள். மான், மயில், சுவரை விழுங்கி நிற்கும் மரவேர்கள் என்று அடுக்குவார்கள். அந்த இடிபாடுகளுக்குள் ஒரு டென்னிஸ் கோர்ட்டும் கிடக்கிறது என்று யாராவது சொன்னார்களா? கிடக்கிறது ஐயா! போர்ட் பிளேரில், அதாவது 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்ட ஊரில், அபர்தீன் ஜெட்டியில் படகு ஏறினால் கொஞ்ச நேரத்தில் தீவு. 1858 முதல் 1940-களின் தொடக்கம் வரை ஆங்கிலேய நிர்வாகத்தின் தலைமையிடம் அதுதான். தேவாலயம், பேக்கரி, நீச்சல் குளம், நடன அரங்கு, கிளப், கூடவே டென்னிஸ்! காட்டை அழித்து அந்தக் குடியிருப்பை எழுப்பியது கைதிகளின் உழைப்பு. எதிர்க்கரையில் 1906-ல் செல்லுலார் சிறையும் எழுந்துவிட்டது. அங்கே கைதிகளுக்குச் செக்கு, இங்கே துரைமார்களுக்கு மாலை ஆட்டம். அந்தக் கோர்ட்டை நின்று ரசிக்க எனக்கு மனசு வரவில்லை.

இன்னொரு விசித்திரம். விங்ஃபீல்ட் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி லான் டென்னிஸுக்குக் காப்புரிமை வாங்கியதே 1874-ல்தான். துரைமார்கள் ராஸில் குடியேறி 16 வருடம் கழித்துத்தான் அவர்கள் ஆடப்போகும் ஆட்டமே உலகத்துக்கு வருகிறது! அப்படி வந்த ஆட்டத்திலும் பேக்ஹேண்ட், அதாவது மட்டை பிடித்த கைக்கு எதிர்ப்பக்கம் வரும் பந்தை அடிப்பது, என்றால் ஒற்றைக் கைதான். ரெண்டு கையால் மட்டையைப் பிடித்தால் சின்னப்பிள்ளை ஆட்டம் என்று சிரிப்பார்கள்.

அந்தச் சிரிப்பை நிறுத்தியவனுக்கு வயது 16! 1933 ஆஸ்திரேலிய சாம்பியன்ஷிப். அமெரிக்காவின் எல்ஸ்வர்த் வைன்ஸ் முந்தைய வருடம்தான் விம்பிள்டன் வென்றவர். அவரை விவியன் மெக்ராத் என்ற உள்ளூர்ப் பையன் ரெண்டு கை பேக்ஹேண்டோடு வந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டான். நாலு வருடம் கழித்து, 1937-ல், பட்டமும் அவனுக்கே. இறுதி ஆட்டத்தில் அவனிடம் தோற்ற ஜான் பிராம்விச் யார் தெரியுமா? அவரும் ரெண்டு கைக்காரர்! அதுவும் எப்பேர்ப்பட்டவர்: இயல்பில் இடது கைப் பழக்கம், சர்வ் போடுவது மட்டும் வலது கையால். ஒரு மனிதருக்குள் எத்தனை ஆட்டக்காரர்கள் பாருங்கள்.

அப்புறம் 1970-களில் மூன்று பேர் சேர்ந்து உலகத்தையே மாற்றிவிட்டார்கள். கிறிஸ் எவர்ட் சிறுமியாக இருந்தபோது ஒற்றைக் கையால் மட்டையைத் தூக்கவே தெம்பில்லை, அதனால்தான் இன்னொரு கையையும் வைத்தார். கோச்சாக இருந்த அப்பா, வளர்ந்ததும் மாற்றிக்கொள்வாள் என்று நினைத்தார். மாற்றவில்லை. களிமண் தரையில் தொடர்ந்து 125 ஆட்டம் ஜெயித்தார்! ஸ்வீடனின் பியான் போர்க், அப்பா மேஜைப்பந்துப் போட்டியில் பரிசாக வாங்கிவந்த டென்னிஸ் மட்டையில் ஆரம்பித்தவர். ஐஸ் ஹாக்கி ஆடிய பழக்கம் அவர் பேக்ஹேண்டில் அப்படியே தெரியும். விம்பிள்டனில் 1976 முதல் 1980 வரை ஐந்து முறை தொடர்ந்து அவர்தான். மூன்றாமவர் ஜிம்மி கானர்ஸ், மட்டையை நேராகப் பின்னே கொண்டுபோய் நேராகவே அடித்துத் தள்ளியவர்.

இவர்கள் எல்லாரிடமும் பொதுவாக இருந்த ரகசியம் பேக்ஸ்விங்கில் இருக்கிறது. அதாவது பந்தை அடிப்பதற்கு முன்னால் மட்டை பின்னே போகிற அந்தப் பயணம். அடிக்கிற நொடியில்தான் எல்லாம் என்று நினைக்கிறீர்களா? கணக்குப் போடுவோம் வாருங்கள்!

கோர்ட்டின் நீளம் 23.77 மீட்டர். எதிராளி அடித்த பந்து சராசரியாக மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 20 மீட்டர். உங்களிடம் வந்து சேர ஏறக்குறைய 1.2 நொடி. கண் பார்த்து உடம்பு அசையவே 0.2 நொடி போய்விடும். மிச்சம் ஒரே ஒரு நொடி. சரி, பந்து உங்கள் மட்டையின் நரம்பில் எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கும் தெரியுமா? 0.005 நொடி! வந்த நேரத்தில் 240-ல் ஒரு பங்கு. பந்து பட்டதை உங்கள் மூளை உணர்வதற்குள் பந்து போயே போய்விடும். ஆக, அடி எப்படி விழும் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்தது பேக்ஸ்விங்!

இப்போது தலைப்பு விஷயத்துக்கு வருகிறேன். முதுகில் புண்பட்டான் என்று கேட்டால் பால் கொடுத்த மார்பை அறுப்பேன் என்று தாய் சொன்ன மரபு நம்முடையது. ஆனால் ரெண்டு கை பேக்ஹேண்டில் எதிராளிக்கு முதுகைக் காட்டாதவன்தான் தோற்பான்! வலது கைக்காரர் என்று வைத்துக்கொள்வோம். பந்து இடது பக்கம் வருகிறது என்று தெரிந்த மறுகணம் கையை இழுக்கக் கூடாது. தோளைத் திருப்ப வேண்டும். வலது தோள் முகவாய்க்கு அடியில் வந்து நிற்கவேண்டும், வலது தோள்பட்டையின் பின்பக்கம் நெட்டைப் பார்க்க வேண்டும். மட்டை தானாகப் பின்னே போயிருக்கும். கோச்சுகள் இதை 'யூனிட் டர்ன்' என்பார்கள். இடுப்பு, தோள், கை, மட்டை எல்லாம் ஒன்றாகத் திரும்பத் தொடங்குவது. பந்து நெட்டைத் தாண்டுவதற்குள் இது முடிந்திருக்க வேண்டும்.

இதில் தோள் திரும்புகிற அளவுக்கு இடுப்பு திரும்புவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? ரெண்டுக்கும் நடுவே வயிற்றுப் பக்கத் தசைகள் இழுபட்டு நிற்கும். இழுபட்ட தசை உடனே சுருங்கினால் சும்மா சுருங்குவதைவிட அதிக விசை கிடைக்கும். இந்த 'உடனே' என்ற வார்த்தையை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்! இழுத்துவைத்துக்கொண்டு சிலைபோல் நின்றால் அந்தச் சேமிப்பு கரைந்துவிடும். 'சீக்கிரம் மட்டையைப் பின்னால் வை' என்று கத்துகிற கோச் சொல்வது பாதி உண்மைதான். தோள் சீக்கிரம் திரும்பட்டும்; மட்டைத் தலை கீழே இறங்குவது பந்து தரையில் படும் நேரத்தில் நடக்கட்டும். திரும்புவதும் இறங்குவதும் முன்னே வருவதும் நிற்காமல் ஓடினால்தான் அடியில் உயிர் இருக்கும். பந்தின் மட்டத்துக்குக் கீழே மட்டை போய்விட்டு மேலே வருவதால்தான் டாப் ஸ்பின் பிறக்கிறது. இறங்காத மட்டை பந்தை நெட்டுக்குள்தான் தள்ளும்.

ரொம்பப் பேர் செய்கிற தப்பு இன்னொன்று. மட்டையை முதுகைச் சுற்றி எதிர்ப்பக்கம்வரை கொண்டுபோய்விடுவார்கள். பார்க்க ஆவேசமாக இருக்கும், பந்து வந்ததும் திணறுவார்கள். பின்பக்க வேலியை மட்டையின் முனை பார்க்கும் இடம் போதும், அதற்குமேல் போவது வீண் பயணம். வேகமான சர்வைத் திருப்பும்போது அதுவும் வேண்டாம், தோள் திரும்பினாலே போதும். ஆந்த்ரே அகாசியின் ரிட்டர்ன்களைப் பாருங்கள், பேக்ஸ்விங் இருந்ததா என்றே சந்தேகம் வரும்!

சரி, ரெண்டு கையில் எந்தக் கை ராஜா? வலது கைக்காரர் ஆயிற்றே, வலது கைதான் என்பீர்கள். இல்லவே இல்லை! ரெண்டு கை பேக்ஹேண்ட் என்பது இடது கையால் அடிக்கிற ஃபோர்ஹேண்ட். வண்டி ஓட்டுவது இடது கை. வலது கை பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வழி சொல்கிற மச்சான். மச்சான் ஸ்டியரிங்கைப் பிடித்தால் என்ன ஆகும்? அதேதான் இங்கேயும் ஆகும். அடியில் இருக்கும் வலது கை சுத்தியலைப் பிடிக்கிற மாதிரி 'கான்டினென்டல்' பிடியில் தளர்வாக இருக்கவேண்டும். மேலே இருக்கும் இடது கை மட்டையோடு கைகுலுக்குகிற 'ஈஸ்டர்ன் ஃபோர்ஹேண்ட்' பிடி. ரெண்டு கைக்கும் நடுவே இடைவெளி கூடாது. நிறையப் பிள்ளைகள் ஃபோர்ஹேண்ட் பிடியை மாற்றாமலேயே இன்னொரு கையைக் கொண்டுவந்து ஒட்டவைக்கிறார்கள். எத்தனை மணி நேரம் பயிற்சி செய்தாலும் பேக்ஸ்விங் கோணலாகத்தான் வரும். பிடியை எப்போது மாற்றுவது? தோள் திரும்பும்போதே! இடது கை மட்டையின் கழுத்தைப் பிடித்துத் திருப்பிக்கொடுக்க, வலது கை அதற்குள் இடம் மாறிவிடும்.

இதற்கு வாழும் சாட்சி ரஃபேல் நடால். இடது கை ஆட்டக்காரர் என்று ஊரே சொல்லும் நடால் எழுதுவது எந்தக் கையால் தெரியுமா? வலது கையால்! அதனால் அவர் பேக்ஹேண்டில் ஓட்டுநராக இருந்தது பழக்கப்பட்ட அவருடைய வலது கை. அந்த பேக்ஹேண்டை நம் நுங்கம்பாக்கத்துக்காரர்கள் கண்ணெதிரே பார்த்தார்கள். 2008 சென்னை ஓப்பன் அரையிறுதியில் கார்லோஸ் மோயாவோடு மூன்று செட், மூன்றும் டைபிரேக்கர், கிட்டத்தட்ட நாலு மணி நேரம்! மறுநாள் இறுதி ஆட்டத்தில் நடாலுக்குக் கால் நகரவில்லை பாவம், மிகயில் யூஷ்னியிடம் 0-6, 1-6. கால் போய்ச் சேரவில்லை என்றால் உலகத்தின் சிறந்த பேக்ஸ்விங்கும் காற்றைத்தான் அடிக்கும்.

காற்று என்றதும் மறுபடி அந்தமான் ஞாபகம் வருகிறது. வருடத்துக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர். புழுக்கத்தில் காற்று கனமாக இருக்கிறது என்று ஆட்டக்காரர்கள் புலம்புவார்கள். உண்மையில் ஈரக் காற்று உலர்ந்த காற்றைவிட லேசானது! நீராவியின் மூலக்கூறு நைட்ரஜனையும் ஆக்சிஜனையும்விட எடை குறைவு. அப்படியானால் பந்து ஏன் மந்தமாக வருகிறது? பந்தின் மேலிருக்கும் ரோமம் ஈரத்தைக் குடித்து உப்பிவிடுகிறது. புதுப்பந்தின் எடை 56 கிராமுக்கும் 59.4 கிராமுக்கும் நடுவே இருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறினால் அந்த விதி காற்றில் பறந்துவிடும். சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் காற்று மெலிந்திருப்பதால் பந்து சீறிக்கொண்டு வரும்; கடல்மட்டத்தில் கொஞ்சம் தாமதமாக வரும். பேக்ஸ்விங் கற்றுக்கொள்கிறவனுக்கு அந்தத் தாமதம் வரம்!

வெளிச்சம் மட்டும் அங்கே சாபம். இந்திய நேரத்துக்கு அளவுகோலான 82.5 டிகிரி தீர்க்கரேகையிலிருந்து அந்தமான் பத்து டிகிரி கிழக்கே இருக்கிறது. டிகிரிக்கு நாலு நிமிடம், ஆக நாற்பது நிமிடம் முன்னதாகவே சூரியன் தலைகாட்டி, முன்னதாகவே மறைந்துவிடும். நவம்பரில் மாலை 5 மணிக்கே இருட்டத் தொடங்குகிறது. பள்ளி விட்டு வருகிற பிள்ளை எங்கே ஆடும்? மே மாதத்தில் காலை 5 மணிக்கே பளீரென்று விடிந்துவிடும், பயிற்சிக்கு அதுதான் நேரம்.

கோர்ட் இல்லாமலே பேக்ஸ்விங்கைத் திருத்த முடியும் தெரியுமா? கம்பி வேலிக்கு முதுகைக் கொடுத்துக் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். தோளைத் திருப்பி மட்டையைப் பின்னே கொண்டுபோங்கள். வேலியில் மட்டை இடித்தால் சுற்று பெரிதாகிவிட்டது. இடிக்காமல் வருகிறவரை செய்யுங்கள். அடுத்தது, வலது கையைப் பையில் போட்டுக்கொண்டு, இடது கையால் மட்டையின் கழுத்தை ஒட்டிப் பிடித்து, மெதுவாகச் சுவரில் பந்தடியுங்கள். முதல் வாரம் அவமானமாக இருக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சிரிக்கும். பரவாயில்லை. மூன்றாவது, 'மெடிசின் பால்' என்கிற கனமான பயிற்சிப் பந்தை ரெண்டு கையால் இடுப்புக்குப் பக்கத்தில் பிடித்து, முதுகைத் திருப்பி, சுவரை நோக்கி எறிவது. கையால் எறிய முடியாத எடை என்பதால் உடம்பு தானாகத் திரும்பக் கற்றுக்கொள்ளும். அந்தமானில் தேங்காய்க்குப் பஞ்சமில்லைதான், தயவுசெய்து அதை எறியாதீர்கள். சுவர் உங்கள் வீட்டுடையது.

கடைசியாக ஒரு செய்தி. ஆண்கள் தரவரிசை 1973-ல் தொடங்கியதிலிருந்து முதல் பத்து இடங்களில் ஒற்றைக் கை பேக்ஹேண்ட்காரர் ஒருவர்கூட இல்லாத வாரம் 2024 பிப்ரவரியில்தான் முதன்முறையாக வந்தது! ரெண்டு கை ஜெயித்துவிட்டது. ஆனால் நம் ஊர்க் கதை வேறு. 1960, 1961 விம்பிள்டன் அரையிறுதிக்குப் போன ராமநாதன் கிருஷ்ணன், 1974 அமெரிக்க ஓப்பனில் போர்க்கையே வீழ்த்திய விஜய் அமிர்தராஜ், 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில் அப்போதைய உலகின் முதல்நிலை வீரர் மாட்ஸ் விலாண்டரைத் தோற்கடித்த ரமேஷ் கிருஷ்ணன், மூன்று பேருமே ஒற்றைக் கை. போர்க், விலாண்டர் ரெண்டு பேரும் ரெண்டு கை! சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் 2009-ல் ரெண்டு கையோடு சென்னை ஓப்பன் இறுதி ஆட்டம்வரை வந்தார், கோப்பை கிடைக்கவில்லை. அந்தக் கோப்பையை அதிக முறை தூக்கியவர் சுவிட்சர்லாந்தின் ஸ்டான் வாவ்ரிங்கா. 2011, 2014, 2015, 2016. நாலு முறையும் ஒற்றைக் கையால்!