பழைய கார் வாங்கும் முன் வியாபாரி போடவேண்டிய கணக்கு

நமது வியாபாரிகள் கடைக்குச் சரக்கு எடுக்கும்போது ஒரு ரூபாவுக்கும் பேரம் பேசுவார்கள். துணியைத் தொட்டுப் பார்ப்பார்கள், மூட்டையைக் குத்திப் பார்ப்பார்கள், பில்லை இரண்டு தடவை கூட்டிப் பார்ப்பார்கள். ஆனால் அதே வியாபாரி கார் வாங்கப் போனால் அந்தப் புத்தி எங்கே போகிறதோ தெரியவில்லை. பெயின்ட் பளபளப்பைப் பார்த்து, தரகர் சொல்வதைக் கேட்டு, அன்றே முற்பணமும் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்.

கார் என்பது இன்று ஆடம்பரமல்ல. கடைக்குப் போகவும், வங்கிக்குப் போகவும், பிள்ளைகளைப் பாடசாலையில் விடவும் தேவைப்படும் ஒரு பொருள். அதேநேரம், அது நமது கடையின் புழக்கத்தில் இருக்கும் முதலிலிருந்து பிரித்தெடுத்து வாங்கும் பொருள் என்பதையும் மறக்கக்கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு புடவை வியாபாரி, பெருநாள் சரக்குக்கு வைத்திருந்த பணத்தின் பெரும்பகுதியைக் காரில் போட்டார். அந்தப் பருவத்தில் ரொக்கத்துக்கு எடுக்கவேண்டிய சரக்கைக் கடனுக்கு எடுத்தார். கழிவும் போனது, நல்ல ரகங்களும் போயின. காரினால் அவருக்கு ஏற்பட்ட நட்டம் கராஜில் அல்ல, கடையில்தான் ஏற்பட்டது.

ஆகவே, தினமும் ஓடுவதற்கு மலிவான, நம்பகமான ஒரு பழைய காரை எவ்வாறு தெரிவு செய்வது என்பதை வியாபாரக் கண்ணோடு பார்ப்போம்.

சந்தை நிலைமை

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. இடையில் 2022 இல் ரூபாவின் பெறுமதியும் சரிந்தது. இதனால் பத்து வருடம் ஓட்டிய காரை, வாங்கிய விலையைவிடக் கூடுதலாக விற்றவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். இறக்குமதி திறக்கப்பட்டாலும் வரியும் டொலர் விலையும் சேர்ந்து புதிய காரைச் சிறு வியாபாரிக்கு எட்டாத உயரத்திலேயே வைத்திருக்கின்றன. எனவே பழைய காரைத் தேடுவதில் எந்தக் குறைவும் இல்லை. ஆனால் "கார் விலை இறங்காது, வாங்கினால் இலாபம்தான்" என்ற அந்தக் காலத்துப் பேச்சை நம்பி வாங்கக்கூடாது. அது இறக்குமதி மூடியிருந்த காலத்தின் கதை.

முதலில் தூரத்தைக் கணக்கிடுங்கள்

எந்தக் கார் நல்லது என்று கேட்பதற்கு முன், நாளுக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடப்போகிறீர்கள் என்று பாருங்கள். கணக்குக்காகப் பெற்றோல் லீற்றர் 300 ரூபா என்று வைத்துக்கொள்வோம். சாதாரண கார் லீற்றருக்கு 10 கிலோமீற்றரும், ஹைபிரிட் கார் 20 கிலோமீற்றரும் ஓடுவதாகவும், ஹைபிரிட்டின் விலை 15 இலட்சம் கூடுதல் என்றும் எடுத்துக்கொள்வோம்.

அக்குறணையிலிருந்து கண்டிக் கடைக்கு வந்துபோகும் ஒருவர், வீட்டு அலுவல்களையும் சேர்த்து நாளுக்கு 30 கிலோமீற்றர் ஓடுகிறார். மாதம் 25 நாளுக்கு 750 கிலோமீற்றர். சாதாரண காருக்கு 75 லீற்றர், ஹைபிரிட்டுக்கு 37 1/2 லீற்றர். மாதத்துக்கு மிச்சம் 11,250 ரூபா. கூடுதலாகக் கொடுத்த 15 இலட்சத்தை மீட்க 11 வருடம் வேண்டும். அதற்கிடையில் பற்றரி பழுதடைந்தால் இன்னும் சில இலட்சம் போகும்.

பேருவளையிலிருந்து புறக்கோட்டைக்கு வருபவரின் கணக்கு வேறு. போய்வர ஏறத்தாழ 120 கிலோமீற்றர். மாதம் 3,000 கிலோமீற்றர். அவருக்கு மிச்சமாவது 150 லீற்றர், அதாவது 45,000 ரூபா. 15 இலட்சம் மூன்று வருடத்துக்குள் திரும்பிவிடும். பற்றரியின் நிலையைச் சோதித்து வாங்கினால் அவருக்கு ஹைபிரிட் இலாபம்.

2022 ஜூனில் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனதை நாம் மறக்கவில்லை. அந்தப் பயத்தில் எல்லோரும் ஹைபிரிட் தேடுகிறார்கள். 470 ரூபாவைப் போட்டுப் பார்த்தாலும் முதலாமவருக்கு ஏழு வருடத்துக்கு மேல் ஆகிறது. பயத்தை வைத்து வாங்காமல் உங்கள் தூரத்தை வைத்து வாங்குங்கள்.

எந்தக் கார்?

நாளுக்கு 30, 40 கிலோமீற்றர் ஓடும் சாதாரண வியாபாரிக்கு எனது சிபாரிசு, 1300 முதல் 1500 சீ.சீ. வரையிலான, டர்போ இல்லாத, ஜப்பானிய பெற்றோல் செடான் கார். டிக்கியில் இரண்டு மூட்டை சரக்கும் வைக்கலாம், குடும்பத்தோடும் போகலாம்.

நிசான் சனி எப்.பி. 14 (ஜப்பானில் 1994 முதல் 1998 வரை வந்தது), அதற்கடுத்த எப்.பி. 15, டொயோட்டா கொரொலா 110 (1995 முதல் 2000), அதற்கடுத்த கொரொலா 121, அலியன் 240 என்பன நமது நாட்டில் நன்கு பழகிய கார்கள். பஞ்சிகாவத்தையில் இவற்றின் உதிரிப்பாகங்கள் புதிதாகவும் பழையதாகவும் கிடைக்கின்றன. ஊர்க் கராஜ் பாஸுக்கும் இவை கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டும் வாகனங்கள். நம்பகமான கார் என்பதன் பாதி அர்த்தம் இதுதான். கார் எதுவும் ஒருநாள் நிற்கத்தான் செய்யும். நின்றால் அடுத்தநாள் மாலைக்குள் உங்கள் ஊரிலேயே திருத்தி எடுக்க முடியுமா என்பதே கேள்வி. அபூர்வமான ஐரோப்பியக் கார் மலிவாகக் கிடைக்கிறதென்றால், அது ஏன் மலிவு என்பதை அதன் உதிரிப்பாக விலை சொல்லும்.

சில நுணுக்கங்களையும் அறிந்துகொள்ளுங்கள். கொரொலா 110 இல் வரும் 5ஏ இன்ஜினில் டைமிங் பெல்ட் உண்டு. ஏறத்தாழ ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றவேண்டும். கடைசியாக எப்போது மாற்றியது என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள். 121 இலும் அலியனிலும் வரும் 1500 சீ.சீ. இன்ஜினில் செயின் என்பதால் அந்தச் செலவு இல்லை. எக்ஸியோ 141, அலியன் 260 போன்ற பிந்திய ஓட்டோ கார்களில் சீ.வீ.டி. கியர்பெட்டி வருகிறது. நல்லதுதான், ஆனால் அதற்குரிய எண்ணெயைத் தவிர வேறு எண்ணெய் ஊற்றினால் பெட்டி கெட்டுவிடும். முன்னையவர் எதை ஊற்றினார் என்பதை பில்லோடு பார்க்கவேண்டும்.

காரைப் பார்க்கும் முறை

மழையிலும் இரவிலும் கார் பார்க்கவேண்டாம். காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். நீங்கள் வருமுன்னரே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் சொல்லாமல் போங்கள். முதல் ஸ்டார்ட்டில் வரும் புகையைப் பாருங்கள். நீலப் புகை என்றால் இன்ஜின் எண்ணெயைக் குடிக்கிறது. சூடான பின்னும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் தண்ணீர் உள்ளே போகிறது. கறுப்புப் புகை என்றால் பெற்றோல் வீணாகிறது. எண்ணெய் மூடியின் அடியில் பால் கலந்தாற்போல் இருந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

மீற்றரை நம்பவேண்டாம், அதைத் திருப்புவது எளிது. 80,000 கிலோமீற்றர்தான் ஓடியது என்பார்கள். பிரேக் பெடலின் றப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்து, ஸ்டியரிங் தோல் உரிந்து, ஓட்டுநர் ஆசனம் அமுங்கியிருந்தால் உண்மை வேறு.

மலைநாட்டில் ஓடிய காரில் பிரேக், கிளச், கியர்பெட்டி மூன்றையும் கவனியுங்கள். ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்காமல் வாங்கவேண்டாம். கரையோரத்தில் ஓடிய காரில் உப்புக்காற்றின் துரு இருக்கும். கதவின் அடி, டிக்கியின் தளம், சில்லின் மேல்வளைவு ஆகியவற்றைப் பாருங்கள்.

இப்போது மிகவும் அவதானிக்கவேண்டியது வெள்ளத்தில் மூழ்கிய கார். 2016 மே, 2017 மே வெள்ளங்களை அடுத்து, 2025 நவம்பரில் டிட்வா புயலோடு வந்த வெள்ளத்திலும் வாகனங்கள் தண்ணீரில் நின்றன. அவற்றைக் கழுவி, ஆசன உறை மாற்றி, வாசனை அடித்து விற்பவர்கள் இருக்கலாம். ஆசனப் பட்டியை முழுமையாக வெளியே இழுத்துப் பாருங்கள். நுனியில் சேற்றுக் கோடு இருந்தால் கதை முடிந்தது. ஆசனத்தின் அடியிலுள்ள தண்டவாளத்தில் துரு, விரிப்பின் அடியில் ஈர வாடை, முன்விளக்கின் உள்ளே பனி, ஸ்பெயார் டயர் வைக்கும் குழியில் மண் ஆகியன மற்றைய அடையாளங்கள். வெள்ளத்தில் மூழ்கிய காரின் வயர்கள் உடனே கெடுவதில்லை. சில மாதங்கள் கழித்தே ஒவ்வொன்றாகக் கெடும்.

இவ்வளவையும் நீங்கள் பார்த்த பின்னர், உங்கள் சொந்த பாஸைக் கூட்டிச் செல்லுங்கள். விற்பவர் காட்டும் பாஸ் வேண்டாம். அவருக்கு ஒருநாள் கூலி கொடுப்பது, பல இலட்சத்துக்கு நீங்கள் கட்டும் காப்புறுதி.

புத்தகம் சரியாக இருக்கவேண்டும்

நல்ல காரைக் கெட்ட புத்தகத்தோடு வாங்கி அல்லற்படுபவர்கள், கெட்ட காரை வாங்கியவர்களுக்குக் குறைவில்லை. பதிவுப் புத்தகத்தில் உள்ள சேசிஸ் இலக்கமும் இன்ஜின் இலக்கமும் காரில் உள்ளதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப்போகவேண்டும். லீசிங் கம்பனியின் பெயர் பூரண உரித்தாளராக இருந்தால், கடன் முடிந்தது என்ற வாய்வார்த்தை போதாது. கம்பனியின் கடிதமும் வேண்டும், பதிவிலிருந்து அந்தப் பெயரும் நீங்கவேண்டும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கட்டணம் செலுத்தி வாகனத்தின் பதிவு விபரத்தை எடுக்கலாம். முற்பணம் கொடுக்கு முன் அதைச் செய்யுங்கள். வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்றிதழ், காப்புறுதி மூன்றும் நடைமுறையில் உள்ளனவா என்றும் பாருங்கள். நிலுவை இருந்தால் அது உங்கள் தலையில்தான் விழும்.

நம்மவரிடையே "ஓபன் பேப்பர்" என்ற ஒரு பழக்கம் வேரூன்றியிருக்கிறது. உரிமையாளர் கையொப்பமிட்ட வெற்றுப் படிவத்தோடு கார் மூன்று நான்கு கைமாறும். கடைசியாக வாங்கியவர் பெயர் மாற்றப் போகும்போது முதல் உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பார், அல்லது மௌத்தாகியிருப்பார். அப்போது வாரிசுகளைத் தேடி அலையவேண்டும். விபத்து நடந்தால் காப்புறுதி நட்டஈட்டிலும் சிக்கல் வரும். விற்றவருக்கும் இதில் நிம்மதி இல்லை. எங்கோ ஓடும் காருக்காகப் பொலிஸ் அவருடைய வீட்டுக்குத்தான் வரும். ஆகவே விற்பவர் எம்.டீ.ஏ. 8 படிவத்தாலும், வாங்குபவர் எம்.டீ.ஏ. 6 படிவத்தாலும் திணைக்களத்துக்கு உடனே அறிவிக்கவேண்டும். "பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்பவரிடம் கார் வாங்கவேண்டாம்.

பணம் எங்கிருந்து?

தவணைக்கு வாங்குபவர்கள் மாதத் தொகையை மட்டும் பார்க்கிறார்கள். 20 இலட்சம் எடுத்து மாதம் 46,500 ரூபா வீதம் 60 மாதம் கட்டினால் மொத்தம் 27 இலட்சத்து 90 ஆயிரம். இஜாரா முறையில் எடுப்பவர்களும் மொத்தத் தொகையைக் கூட்டிப் பார்த்தே கையொப்பமிடவேண்டும்.

எனது அபிப்பிராயம் இதுதான். காருக்கென ஒதுக்கிய பணத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கையில் வைத்துக்கொண்டு, மீதிக்குள் வரும் காரையே பாருங்கள். டயர், பற்றரி, பிரேக், பெல்ட் என்று முதல் மூன்று மாதத்தில் செலவு வந்தே தீரும். அந்தப் பணம் கையில் இருந்தால் கடைக் கல்லாவில் கைவைக்கத் தேவையில்லை. சரக்கு எடுக்கும் பணத்தை எக்காரணம் கொண்டும் தொடவேண்டாம். கடை ஓடினால் பிறகு எந்தக் காரையும் வாங்கலாம்.