மொரிஸ் மைனரின் மாற்று எஞ்சினும் மலையேற்றச் சூடும்

கண்டிப் பகுதியில் இன்னும் ஓடும் மொரிஸ் மைனர் கார்களில் பலவற்றின் பொனட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது மொரிஸ் எஞ்சின் அல்ல. 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான இந்தக் கார் 918 கன சென்ரிமீற்றர் எஞ்சினுடன் வந்தது. அதன் வலு 27.5 குதிரைவலு. 1952இல் 803, 1956இல் 948, 1962இல் 1098 கன சென்ரிமீற்றர் எஞ்சின்கள் பொருத்தப்பட்டன. இவை தேய்ந்து, உதிரிப்பாகங்களும் அரிதான பிறகு, நிசான் சன்னியின் 1171 கன சென்ரிமீற்றர் ஏ12 போன்ற ஜப்பானிய எஞ்சின்கள் அந்த இடத்தைப் பிடித்தன. 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு மீண்டும் திறக்க 2025 ஆனது. அந்த இடைவெளியில் பழைய காரைக் காப்பாற்றிக்கொள்வது பலருக்கு விருப்பமாக அன்றி வேறு வழியில்லாத காரியமாகவே இருந்தது.

மைனரில் எஞ்சின் மாற்றுவது ஒப்பளவில் எளிது. அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் முதலில் படுக்கைவாட்டில் அமையும் நான்கு சிலிண்டர் எஞ்சினை மனத்தில் வைத்திருந்தார். அந்த எஞ்சின் உற்பத்திக்கு வரவில்லை. அதற்காக ஒதுக்கிய அகலம் மட்டும் காரில் தங்கிவிட்டது. மாற்று எஞ்சின் அதில் உட்கார்ந்துவிடுகிறது, கியர்பெட்டியும் பொருந்திவிடுகிறது. கடுகண்ணாவை ஏற்றத்தின் நடுவில் ரேடியேட்டர் கொதிக்கத் தொடங்கும்போதுதான் வேலை பாதியில் நிற்பது தெரியவருகிறது. இத்தகைய கார்களில் பழி பெரும்பாலும் புதிதாக வந்த எஞ்சின் மேல் விழுகிறது. உண்மையில், அந்த எஞ்சினோடு சேர்த்து வடிவமைக்கப்பட்ட குளிரூட்டும் ஏற்பாடு அதனுடன் வராததே பெரும்பாலான சூட்டுக்குக் காரணம்.

பெற்றோல் எரிந்து வெளியாகும் சக்தியில் சுமார் கால் பங்கு, மிஞ்சினால் 30 சதவீதம், சக்கரத்துக்குப் போகும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெளியேறும். கிட்டத்தட்ட அதே அளவு வெப்பத்தைத் தண்ணீர் ஏந்திக்கொண்டு ரேடியேட்டருக்கு வரும். ஆகவே எஞ்சின் 10 கிலோவாற்று வலு தரும்போது ரேடியேட்டரும் அதற்குச் சற்றுக் கூடக்குறைய 10 கிலோவாற்று வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்தாக வேண்டும். இங்கே கணக்கில் வருவது எஞ்சினிடம் உள்ள வலு அல்ல, அந்த நேரத்தில் அது செலவிடும் வலு. நான்கு பேருடன் ஏறத்தாழ 1050 கிலோகிராம் எடையாகும் மைனர், சமதரையில் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் போக இரண்டு மூன்று கிலோவாற்று போதும். 15 மீற்றருக்கு ஒரு மீற்றர் உயரும் சாலையில் அதே வேகத்துக்குச் சுமார் 10 கிலோவாற்று வேண்டும். கொழும்பிலிருந்து மாவனல்லை வரை வெப்பமானி முள் அசையாமல் வந்த கார், அதற்கு மேல் கடுகண்ணாவை ஏற்றத்தில் திணறுவதன் கணக்கு இதுதான். பழைய எஞ்சினோடு ஓடியபோது ஓட்டுநர் கியரை இறக்கி மெதுவாக ஏறியிருப்பார். புதிய எஞ்சின் வேகமாக ஏற இடங்கொடுக்கிறது; அந்த வேகத்தின் வெப்பம் பழைய ரேடியேட்டரின் தலையில் விழுகிறது.

எனவே முதல் கேள்வி ரேடியேட்டரைப் பற்றியது. தொடக்ககால 918 எஞ்சினில் தண்ணீர்ப் பம்பே கிடையாது. சூடான நீர் மேலெழுவதும் குளிர்ந்த நீர் கீழிறங்குவதுமே ஓட்டத்தைத் தந்தன. அத்தகைய ரேடியேட்டரைப் பம்பு உள்ள எஞ்சினுக்கு வைத்துக்கொள்வது சிக்கனம்போலத் தோன்றும், ஆனால் பலன் தராது. எந்தக் காரிலிருந்து எஞ்சின் வந்ததோ அந்தக் காரின் ரேடியேட்டரை, அல்லது அதே முகப்பரப்பும் குழாய் வரிசைகளும் கொண்ட ஒன்றை, தேடிப் பொருத்துவதே சரி. பழையதையே வைத்திருக்க விரும்பினால் உள்கூட்டை மாற்றி, வரிசைகளைக் கூட்டிக் கட்டலாம். வெளியே கழுவிப் பளபளக்கும் ரேடியேட்டரின் உள்ளே சுண்ணாம்பு படிந்து பாதிக் குழாய்கள் அடைந்திருக்கலாம். எஞ்சின் சூடாக இருக்கையில் நிறுத்திவிட்டு, விசிறியோ சூடோ பட்டுவிடாதபடி கையை அருகே கொண்டுபோனால், அடைபட்ட பகுதி குளிர்ந்து தனித்துத் தெரியும்.

ரேடியேட்டர் நல்லதாக இருந்தும் காற்று அதன் ஊடாகப் போகாவிட்டால் பயனில்லை. மாற்று எஞ்சின்களில் தவறு அதிகம் நடப்பது இங்கேதான். எஞ்சின் அறையில் அகலம் உண்டு, நீளத்தில்தான் நெருக்கடி. நீளமான எஞ்சின் பெல்ட் விசிறியை ரேடியேட்டரோடு ஒட்டிவிடும், அல்லது விசிறியையே கழற்றிவைக்கச் செய்யும். அப்போது ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு சிறிய மின்விசிறியைக் கட்டிவிடுவார்கள். முன்னாலிருந்து தள்ளும் விசிறியைவிடப் பின்னாலிருந்து இழுக்கும் விசிறி மேல். அதுவும் ரேடியேட்டரின் முழு முகத்தையும் மூடும் கூடு ஒன்றுக்குள் இருக்க வேண்டும். கூடு இல்லாத விசிறி தன் வட்டத்துக்கு நேரே உள்ள பகுதியில் மட்டுமே காற்றை இழுக்கும். ரேடியேட்டரின் ஓரங்களில் விடப்பட்ட இடைவெளிகளையும் ரப்பர் அல்லது பஞ்சுப்பட்டையால் அடைக்க வேண்டும். காற்று எளிய வழியைத்தான் தேடும், ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

மைனரில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் மூல மின்னமைப்பில் மின்கலத்தின் நேர்முனைதான் உடலோடு இணைக்கப்பட்டது. ஜப்பானிய எஞ்சினும் அதன் ஓல்டர்னேட்டரும் எதிர்முனை இணைப்பைக் கேட்பவை. வயரிங்கை மாற்றும்போது மின்விசிறியின் இரு கம்பிகள் இடம் மாறினால் அது எதிர்த்திசையில் சுழலும். சத்தம் வரும், காற்றும் வரும். கார் ஓடும்போது எதிரே வரும் காற்றோடு மல்லுக்கட்டும். ஒரு காகிதத் துண்டை ரேடியேட்டர் முகப்பில் வைத்துப் பார்ப்பதே போதிய சோதனை: அது ஒட்டிக்கொள்ள வேண்டும்.

உள்ளே வந்த காற்று வெளியேறவும் வழி வேண்டும். பொனட்டின் பின்விளிம்பைத் தூக்கி வைத்தால் வெப்பம் வெளியேறும் என்று சிலர் நம்புகிறார்கள். கார் நிற்கும்போது அது ஓரளவு உண்மை. ஓடும்போது முன்கண்ணாடியின் அடியில் காற்றமுக்கம் கூடுவதால் அந்த இடைவெளி வழியே காற்று உள்ளேதான் புகும்.

அடுத்தது, பிடிபடாமல் ஆளை அலைக்கழிக்கும் காற்றடைப்பு. மைனரின் தாழ்ந்த ரேடியேட்டரோடு உயரமான எஞ்சின் சேரும்போது, தண்ணீர் ஊற்றும் வாய் முழு ஏற்பாட்டின் உச்சியில் இருப்பதில்லை. ரேடியேட்டர் நிரம்பி வழியும். சிலிண்டர் ஹெட்டின் மேற்பகுதியிலோ காற்று சிறைப்பட்டுக் கிடக்கும். அந்த இடத்தில் நீர் தொடாத உலோகம் சூடேறி, நீராவி கிளம்பி, கொதிப்பு தொடங்கும். வெப்ப உணரியும் அந்தக் காற்றுக்குள் இருந்தால் முள் ஏறாமல் பொய் சொல்லும். காரின் முன்பக்கத்தை மேடான இடத்தில் நிறுத்தி நிரப்பினால் பல நேரங்களில் தீரும். நிலையான தீர்வு, எல்லாவற்றையும்விட உயரமான இடத்தில் ஒரு நீர்த்தொட்டியைப் பொருத்தி, எஞ்சினின் உச்சியிலிருந்து அதற்கு ஒரு மெல்லிய குழாய் விடுவது. கீழ் ஹோஸையும் இதோடு பார்க்க வேண்டும். பம்பு உறிஞ்சும் பக்கம் அது. இரண்டு கார்களின் ஹோஸ்களை வெட்டி ஒட்டியதாக இருந்தால், எஞ்சின் வேகம் கூடும்போது சப்பையாகி ஓட்டத்தை நெரித்துவிடும்.

மலைநாட்டில் ரேடியேட்டர் மூடிக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் உள்ள கண்டியில் திறந்த பாத்திரத்து நீர் சுமார் 98 பாகை செல்சியஸில் கொதிக்கும். 1868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் 94 பாகையிலேயே கொதித்துவிடும். பழைய மைனர் மூடிகள் சதுர அங்குலத்துக்கு 4 அல்லது 7 இறாத்தல் அமுக்கத்தையே தாங்கின. 4 இறாத்தல் மூடியோடு கம்பளை, இறம்பொடை வழியாக நுவரெலியா ஏறினால், மேலே கொதிநிலை 102 பாகை அளவில்தான் இருக்கும். ஜப்பானிய கார்களில் வழக்கமான 13 இறாத்தல் மூடி அதை 115 பாகைக்கு மேல் கொண்டுபோகும். ஆனால் வலுவான மூடியைப் பழைய பித்தளை ரேடியேட்டரில் மாட்டினால் ஈயப்பற்று பிளக்கும். ரேடியேட்டரும் ஹோஸ்களும் அந்த அமுக்கத்துக்கு ஏற்றவையா என்று சோதித்த பிறகே அதை மாட்டலாம். கூலன்ட் கலப்பதும் கொதிநிலையைச் சில பாகைகள் உயர்த்தும். அதைவிடப் பெரிய பயன், இரும்பு புளொக்கும் அலுமினிய ஹெட்டும் கொண்ட ஏ12 போன்ற எஞ்சினில் அரிப்பைத் தடுப்பது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுவது கராஜ்களில் வழங்கும் பழைய வைத்தியம். பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது பக்கவழியை மூடும் வேலையையும் செய்கிறது. அது இல்லாவிட்டால் சுடுநீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே எஞ்சினுக்குள் திரும்பிச் சுற்றும். கொதிநீரில் போட்டுப் பார்த்து, 82 பாகை அளவில் திறக்காததை மாற்றினால் போதும்.

எங்கே சூடேறுகிறது என்பதைக் கவனித்தால் குற்றவாளியின் இடம் பெரும்பாலும் தெரிந்துவிடும். பெரஹரா காலத்துக் கண்டி நெரிசலில் நின்று நின்று போகையில் மட்டும் சூடேறினால் விசிறியையும் கூட்டையும் பார்க்க வேண்டும். வேகமாக ஓடும்போது சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பு, கீழ் ஹோஸ், காற்று வழி. மகியங்கனையின் வெயிலிலிருந்து பதினெட்டு வளைவு ஏறிக் கண்டிக்குத் திரும்பும் பாதை இரண்டையும் ஒருசேரச் சோதிக்கும்: வலு அதிகம், வேகம் குறைவு, எதிர்க்காற்றும் இல்லை. எங்கே ஓட்டினாலும் சூடேறுமானால் எஞ்சினின் தீப்பொறி நேரத்தைப் பார்க்கலாம். தீப்பொறி பிந்தினால் வெப்பம் சிலிண்டர் சுவரிலும் புகைவாயிலிலும் சேரும். எஞ்சின் மாற்றும்போது டிஸ்ட்ரிபியூட்டரின் வெற்றிடக் குழாயை இணைக்காமல் விடுவது அடிக்கடி நடப்பது. பெற்றோல் குறைந்து காற்று மிகுந்த கலவையும் இதே தொல்லையைத் தரும்.

கொதித்துவிட்ட காரைச் சாலையோர ஓடைத் தண்ணீர் ஊற்றி ஆற்றுவது ஆபத்து. மூடியைத் திறந்தால் நீராவி முகத்தில் அடிக்கும், குளிர்நீர் பட்ட ஹெட் வெடிக்கவும் கூடும். அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும். ஒருமுறை கடுமையாகக் கொதித்த எஞ்சினில் ஹெட் கெஸ்கட்டையும் சந்தேகிக்க வேண்டும்: குளிர்ந்த எஞ்சினைத் திறந்த மூடியோடு இயக்கும்போது ரேடியேட்டரில் இடைவிடாது குமிழிகள் வந்தால் எரிவாயு நீருக்குள் கசிகிறது. அப்போது கெஸ்கட்டை மட்டும் மாற்றுவது பயன் தராது. ஹெட்டின் முகத்தில் நேர்விளிம்பு வைத்து அளந்து, வளைவு பொதுவாக 0.1 மில்லிமீற்றரைத் தாண்டினால் இயந்திரத்தில் சமப்படுத்திய பின்பே மீண்டும் பூட்ட வேண்டும்.