அனுபவமே இல்லை என்று சொல்லலாமா?

பெண் கல்லூரிப் படிப்பை முடிக்கும் வருஷம் வந்துவிட்டால் தாய்மார்களுக்கு வரும் கவலைகளில் ஒன்று இண்டர்வ்யூ. புடவையா சுடிதாரா, ஃபைலில் எந்தச் சர்டிபிகேட் முதலில், காலையில் என்ன சாப்பிட்டுவிட்டுப் போவது என்று எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்து அனுப்புகிறோம். ஆனால் உள்ளே போய் உட்கார்ந்த பிறகு அவர்கள் கேட்கிற கேள்விக்கு நாம் என்ன உதவி செய்ய முடியும் என்று நினைக்கிறீர்களா? முடியும் சகோதரிகளே, நிறையவே முடியும். பள்ளிப் படிப்போடு நின்றுவிட்ட நானே என் பெண்ணுக்குச் செய்திருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

இப்போது எப்படிக் கேட்கிறார்கள்?

"உன்னுடைய பலம் என்ன, பலவீனம் என்ன?" என்பது பழைய கேள்வி. அதற்கு எல்லோரும் ஒரே பதிலை நெட்டுருப் போட்டு வருகிறார்கள் என்பது கேட்பவர்களுக்கும் தெரிந்துபோயிற்று. ஆகவே இப்போது வேறு மாதிரி கேட்கிறார்கள். "நீங்கள் சேர்ந்து வேலை செய்த குழுவில் கருத்து வேற்றுமை வந்தபோது என்ன செய்தீர்கள்?" "நேரம் போதாமல் தவித்த ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள்." "ஒரு தோல்வியிலிருந்து எப்படி மீண்டீர்கள்?" கவனித்தீர்களா? 'என்ன செய்வீர்கள்' என்று கேட்கவில்லை. 'என்ன செய்தீர்கள்' என்றுதான் கேட்கிறார்கள்.

இதில் ஒரு நியாயம் இருக்கிறது. வீட்டு விசேஷத்துக்குச் சமையல்காரர் பேசும்போது, "நன்றாகச் சமைப்பீர்களா?" என்று கேட்டால் யாராவது இல்லை என்பார்களா? அதையே, "போன முகூர்த்தத்தில் பந்திக்கு ஐம்பது பேர் கூட வந்துவிட்டால் எப்படிச் சமாளிச்சீங்க?" என்று அப்படி ஒன்று நடந்ததா என விசாரித்துக் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்கிற பதிலிலேயே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். இண்டர்வ்யூவிலும் அதே தந்திரம்தான்.

ஜான் ஃபிளானகன் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர், இரண்டாம் உலகப் போரின்போது விமானப்படைக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் ஆராய்ச்சியில் இருந்தவர். ஒருவரைப் பற்றிய அபிப்பிராயத்தைவிட, நெருக்கடியில் அவர் உண்மையில் என்ன செய்தார் என்ற சம்பவம்தான் பயன்படும் என்ற முறையை 1954ல் கட்டுரையாக எழுதினார். அந்த வழியில்தான் பிறகு கம்பெனிகளின் இண்டர்வ்யூவும் மாறிற்று. இன்று நம் ஊர்க் கல்லூரிகளில் நடக்கும் காம்பஸ் இண்டர்வ்யூ வரை வந்துவிட்டது.

பெண்கள் ஏன் வாயடைத்துப் போகிறார்கள்?

என் பெரிய பெண் பி.காம். கடைசி வருஷத்தில் முதல் இண்டர்வ்யூவுக்குப் போனாள். "நெருக்கடியான நேரத்தில் நீங்களாக எடுத்த ஒரு முடிவைச் சொல்லுங்கள்" என்றார்களாம். இவள், "நான் இன்னும் வேலைக்கே போனதில்லை சார், எனக்கு அனுபவம் இல்லை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அந்த வேலை கிடைக்கவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "எனக்கு என்னம்மா நடந்திருக்கு சொல்றதுக்கு? காலேஜ், பஸ், வீடு, அவ்வளவுதானே!" என்றாள்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மூன்று வருஷமாக ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் இவள் சொன்ன கதைகள் கொஞ்சமா? எல்லாம் எனக்கு ஞாபகம் இருந்தது. அவளுக்குத்தான் அது 'அனுபவம்' என்று தோன்றவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். நான் ஞாபகப்படுத்தச் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். ஒரு மணி நேரத்தில் நான்கு சம்பவங்கள் தேறின.

ஒன்று, என்.எஸ்.எஸ். முகாமில் மோட்டார் பழுதாகி, சமைக்கத் தண்ணீர் இல்லாமல் போனது. இரண்டு, நான்கு பேர் சேர்ந்து செய்த பிராஜெக்டில் ஒரு தோழி மட்டும் வேலைக்கு வராமல் சண்டை வந்தது. மூன்று, துறை விழாவுக்கு வசூலித்த பணத்தில் 350 ரூபாய் கணக்கு இடித்தது. நான்கு, இரண்டாம் செமஸ்டரில் ஒரு பாடத்தில் அரியர் விழுந்தது.

நெருக்கடி, குழு, நேர்மை, தோல்வி. பெரும்பாலான கேள்விகள் இந்த நான்குக்குள் அடங்கிவிடுகின்றன பாருங்கள்!

நான்கு படிகள்

சொல்லுகிற விதம் ஒன்று இருக்கிறது. இங்கிலீஷில் இதை 'ஸ்டார்' முறை என்கிறார்கள். சிச்சுவேஷன், டாஸ்க், ஆக்‌ஷன், ரிசல்ட் என்ற நான்கு சொற்களின் முதல் எழுத்துகள்தான் அது. நம் பாஷையில் சொன்னால், என்ன நிலைமை, என் பொறுப்பு என்ன, நான் என்ன செய்தேன், முடிவு என்ன ஆயிற்று.

முகாம் கதையை என் பெண் முதலில் இப்படிச் சொன்னாள்: "கேம்ப்ல தண்ணி இல்லாம ரொம்பக் கஷ்டமா போச்சு. எல்லாரும் சேர்ந்து எப்படியோ சமாளிச்சோம்." இதைக் கேட்டால் யாருக்காவது அவளைப் பற்றி ஏதாவது தெரிகிறதா?

நான்கு படியில் பிரித்த பிறகு அதே கதை இப்படி ஆயிற்று:

"இரண்டாம் வருஷம் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஏழு நாள் என்.எஸ்.எஸ். முகாம். ஐம்பது பேர். மூன்றாம் நாள் காலையில் மோட்டார் எரிந்துபோய்த் தண்ணீர் நின்றுவிட்டது. அன்றைக்குச் சமையல் குழுவுக்கு நான் பொறுப்பு. முதலில் பஞ்சாயத்து டேங்க் ஆபரேட்டர் வீட்டை விசாரித்துப் போய், தெருக்குழாயை ஒரு மணி நேரம் திறந்துவிடும்படி கேட்டேன். பத்து பேரைக் குடத்தோடு வரிசையாக நிறுத்தினேன். சாதம், சாம்பார், கூட்டு என்று இருந்ததைத் தக்காளி சாதமாக மாற்றினேன். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் மிச்சமாயிற்று. ஒரு மணிச் சாப்பாடு ஒன்றரை மணிக்குப் போட்டோம். அன்று முதல் ராத்திரியே இரண்டு டிரம் நிரப்பி வைப்பதை வழக்கமாக்கினோம்."

சம்பவம் ஒன்றுதான். ஆனால் இதில் ஒரு பெண் யோசிப்பது தெரிகிறது, கேட்கத் தயங்காதது தெரிகிறது, மறுநாளைக்கு ஏற்பாடு செய்வது தெரிகிறது. சொல்லி முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகாது. நிலைமையை இரண்டு மூன்று வாக்கியத்தில் முடித்துவிட வேண்டும். செய்ததைச் சொல்லத்தான் அதிக நேரம்.

'நான்' என்று சொல்வது அகங்காரமா?

இங்கேதான் பெரிய சிக்கல். "நான் பொறுப்பு, நான் கேட்டேன்" என்று சொல்ல என் பெண்ணுக்கு நாக்கு எழவில்லை. "எல்லாரும்தானேம்மா செஞ்சோம், நான் நான்னு சொன்னா பெருமை அடிச்சுக்கற மாதிரி இருக்கு" என்றாள்.

நம் வீடுகளில் பெண் குழந்தைகள் கேட்டு வளர்கிற வார்த்தை அதுதானே? அடக்கம் நல்ல குணம், சந்தேகமே இல்லை. ஆனால் இண்டர்வ்யூ எடுப்பவர் வேலை கொடுக்கப் போவது ஐம்பது பேருக்கு அல்ல, இந்த ஒருத்திக்கு. மற்றவர்கள் செய்ததைத் தான் செய்ததாகச் சொன்னால்தான் தப்பு. தான் செய்ததைத் தான் செய்ததாகச் சொல்வது வெறும் உண்மை. "குடம் தூக்கினது எல்லாரும். டேங்க் ஆபரேட்டர் வீட்டுக்குப் போனது யாரு?" என்று கேட்டேன். "நான்தான்" என்றாள். "அப்போ அதைச் சொல்லு" என்றேன். 'நாங்கள்' வர வேண்டிய இடத்தில் நாங்கள், 'நான்' வர வேண்டிய இடத்தில் நான். அவ்வளவுதான் விஷயம்.

தோல்வியை எப்படிச் சொல்வது?

அரியர் விழுந்ததைச் சொல்லலாமா என்று பயந்தாள். மார்க் ஷீட்டில் இருப்பதை மறைக்கவா முடியும்? நாமே முறையாகச் சொல்லிவிடுவதுதான் மேல். "வாத்தியார் சரியாக நடத்தவில்லை" என்று மட்டும் சொல்லக் கூடாது. எதனால் விழுந்தது, பிறகு என்ன மாற்றிக்கொண்டாள் என்பதுதான் முக்கியம். இவள் கணக்குகளைப் போட்டுப் பார்க்காமல் படித்துப் பார்த்தே போயிருக்கிறாள். அடுத்த தடவை பழைய வினாத்தாள்களைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதிப் பழகினாள், பாஸ் செய்தாள். இதைத் தெளிவாகச் சொன்னாலே போதும்.

பிராஜெக்ட் சண்டையிலும் தோழியைக் குற்றம் சொல்லாமல் சொல்லப் பழக்கினேன். அந்தப் பெண் வராததற்குக் காரணம், அவள் கிராமத்துக்குக் கடைசி பஸ் ஐந்தேகால் மணிக்கு. அதை விசாரித்துத் தெரிந்துகொண்டு, வேலையைச் சாயங்காலத்திலிருந்து மத்தியான இடைவேளைக்கு மாற்றியது என் பெண். குழுவைப் பற்றிய கேள்விக்கு இதைவிட நல்ல பதில் ஏது?

கதை கட்டாதீர்கள்

சிலர் புத்தகத்தில் உள்ள சம்பவத்தையோ சிநேகிதியின் கதையையோ தன்னுடையதாகச் சொல்லப் பார்ப்பார்கள். வேண்டவே வேண்டாம். "எத்தனை பேர் இருந்தீர்கள்? அவர் என்ன பதில் சொன்னார்? ஏன் வேறு மாதிரி செய்யவில்லை?" என்று அடுத்தடுத்துக் கேட்பார்கள். நடந்ததைச் சொல்பவளுக்குப் பதில் தானாக வரும். கட்டிச் சொல்பவள் மூன்றாவது கேள்வியில் மாட்டிக்கொள்வாள். பொருத்தமான சம்பவம் சட்டென்று நினைவுக்கு வராவிட்டால், "ஒரு நிமிஷம் யோசித்துச் சொல்கிறேன்" என்று கேட்டுக்கொள்ளலாம். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

கம்பெனி வேலைக்கு மட்டும்தான் இது என்று எண்ண வேண்டாம். சிவில் சர்வீஸ் தேர்வில் நேர்காணலுக்கு 275 மார்க். விண்ணப்பத்தில் எழுதிய பொழுதுபோக்கு, பரிசு, பொறுப்புகளிலிருந்தும் கேள்விகள் வரும். ராணுவ அதிகாரி தேர்விலும் விளையாட்டு, என்.சி.சி., வகித்த பொறுப்புகள் எல்லாவற்றையும் ஒரு படிவத்தில் எழுதி வாங்கிக்கொண்டு, அதை வைத்துத்தான் துருவுகிறார்கள்.

தாய்மார்கள் செய்யக்கூடியது

ஒரு நோட்டில் ஆறு தலைப்புகள் எழுதச் சொல்லுங்கள்: நெருக்கடி, குழு வேலை, கருத்து வேற்றுமை, தோல்வி, பொறுப்பு ஏற்றது, புதிதாகக் கற்றது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சம்பவமாவது வரட்டும். அவளுக்கு ஞாபகம் வராததை நீங்கள் எடுத்துக் கொடுங்கள். கோலப் போட்டி, ஹாஸ்டல் மெஸ், தம்பிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது எதுவானாலும் சரி. வீட்டுச் சண்டை, சொந்தக்காரர் விவகாரம் மட்டும் வேண்டாம்.

முதலில் தமிழில் சொல்லிப் பழகட்டும். கதை நேரானால், எளிய இங்கிலீஷில் சொல்வது தானே வரும். மனப்பாடம் செய்யவிடாதீர்கள், நாலு குறிப்புச் சொல் போதும். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே கேள்வி கேட்பேன், அவள் எதிரில் உட்கார்ந்து பதில் சொல்வாள். விளங்காத இடத்தில், "எனக்குப் புரியலையே, அப்புறம் என்ன ஆச்சு?" என்பேன். நமக்குப் புரிந்தால் அவர்களுக்கும் புரியும்.

இப்படிச் சொன்னால் வேலை நிச்சயம் என்று நான் சொல்ல மாட்டேன். என் பெண்ணுக்கு இரண்டாவது இண்டர்வ்யூவும் கைகூடவில்லை. ஆனால் அன்றைக்கு அவள் அழவில்லை. மூன்றாவதில், கணக்கில் இடித்த 350 ரூபாயை இரண்டு முறை எழுதப்பட்ட ரசீதிலிருந்து எப்படிக் கண்டுபிடித்தாள் என்பதைக் கேட்டார்கள். இன்று ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள்.

உங்கள் பெண் இப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள் என்றால் இன்னும் நல்லது. செமஸ்டருக்கு ஒரு பக்கம் எழுதி வைக்கச் சொல்லுங்கள். என்.எஸ்.எஸ்.ஸிலோ ஏதாவது ஒரு மன்றத்திலோ சேரட்டும். பொறுப்பு வந்தால், "நமக்கேன் வம்பு" என்று நாம் தடுக்காமல் இருப்போம். நாளைக்கு அவள் அந்த நாற்காலியில் உட்காரும்போது சொல்வதற்குச் சொந்தமாக நாலு விஷயம் இருக்க வேண்டும் அல்லவா?